கயாக்கிங் தொடங்குகிறீர்களா? முதலில் கவிழப் பழகுங்கள்

கயாக்கைப் பார்த்தவுடன் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "கவிழ்ந்துடுமா?" என்பதுதான். புதியவர்களுக்கென்றே செய்யப்படும் அகலமான கயாக் அவ்வளவு லேசில் கவிழாது. ஆனால் என்றாவது ஒரு நாள் கவிழும். அது ஒன்றும் பெரிய ஆபத்து இல்லை. லைஃப் ஜாக்கெட் போடாமல் கவிழ்வதும், குளிர்ந்த நீரில் தக்க உடை இல்லாமல் கவிழ்வதும், கரை திரும்ப விடாத காற்றில் கவிழ்வதும்தான் உயிரை வாங்குகின்றன. அதனால் துடுப்பு வலிக்கும் நளினத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், விழுந்தால் எப்படித் திரும்ப ஏறுவது, இன்றைக்குத் தண்ணீரில் இறங்கலாமா கூடாதா என்பவற்றைப் பேசிவிடலாம்.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா? போட்டியில் நீந்தும் அளவுக்குத் தேவையில்லை. ஜாக்கெட்டோடு தண்ணீரில் விழுந்தால் பதறாமல் மிதக்க வேண்டும், முகம் நனைந்தால் மூச்சுத் திணறக் கூடாது, கொஞ்ச தூரம் கையைக் காலை அடித்து நகர வேண்டும். இந்த அளவு பழக்கம் இல்லாதவர்கள் படகுக்கு முன் நீச்சல் குளத்துக்குப் போவது நல்லது.

எந்த வகைப் படகு?

கயாக் என்பது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் பிளேடு உள்ள துடுப்பால் ஓட்டும் படகு. ஆர்க்டிக் கரையோரத்து இனுயிட், அலூட் மக்கள் மிதந்து வந்த மரத்திலும் எலும்பிலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி வேட்டைக்காக இதைச் செய்தார்கள். அவரவர் உடம்பை அளந்தே அவரவர் படகைச் செய்தார்கள். இன்று பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்தாலும் அந்தச் சூத்திரம் மாறவில்லை. இடுப்பும் முழங்காலும் பாதமும் படகோடு பொருந்தினால்தான் படகு உங்கள் பேச்சைக் கேட்கும்.

புதியவர் முன்னால் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, மேல்தளத்தில் உட்காரும் சிட்-ஆன்-டாப். உட்காரும் பள்ளத்தில் விழும் தண்ணீர் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தால் காலில் எதுவும் மாட்டாது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். மற்றொன்று, உள்ளே கால் நுழைத்து உட்காரும் சிட்-இன்சைடு. காற்றும் குளிரும் அவ்வளவாகப் படாது, படகைக் கட்டுப்படுத்துவதும் எளிது. ஆனால் கவிழ்ந்தால் உள்ளே நீர் நிரம்பும். வெதுவெதுப்பான நீரில் பழகுபவர்கள் தயங்காமல் முதல் வகையை எடுக்கலாம் என்பது என் கட்சி.

சிட்-இன்சைடு எடுத்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். முன்னும் பின்னும் நீர் புகாத தடுப்புச் சுவர்கள் இருக்கின்றனவா? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தடுப்போ காற்றுப் பையோ இல்லாத படகில் நூறு லிட்டருக்கு மேல் நீர் புகுந்துவிட்டால், நடுத்தண்ணீரில் தனியாக அதைக் காலி செய்வது நடக்காத காரியம். அப்படிப்பட்ட படகில் நீந்திக் கரை சேரும் தூரத்துக்கு அப்பால் போகவே கூடாது.

பொழுதுபோக்குக் கயாக்குகள் பெரும்பாலும் 9 முதல் 12 அடி நீளமும், 70 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் இருக்கும். கடல் கயாக்குகள் 14 முதல் 18 அடி, அகலம் 55 முதல் 60 செ.மீ. வரை. நீளமும் ஒடுக்கமுமான படகு நேராகவும் வேகமாகவும் போகும். குட்டையும் அகலமுமானது சட்டென்று திரும்பும், ஆனால் ஒவ்வொரு முறை துடுப்பு வலிக்கும்போதும் மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டும்.

உறுதி என்பதிலும் இரண்டு உண்டு. தட்டையான அடிப்பாகம் உட்கார்ந்தவுடன் அசையாமல் நிற்கும், ஆனால் ஒரு அளவுக்கு மேல் சாய்ந்தால் எச்சரிக்காமல் கவிழ்த்துவிடும். வளைந்த அடிப்பாகம் முதலில் தள்ளாடும், பயமாகவும் இருக்கும். ஆனால் சாயச் சாய அது தாங்கிப் பிடிக்கும். அலையில் இரண்டாவதுதான் நம்பகமானது. கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "இது ஆடுது, வேண்டாம்" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

படகு தாங்கும் எடை அதில் எழுதியிருக்கும். உங்கள் எடையும் சாமான்களும் சேர்ந்து அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் படகு தாழ்ந்து மந்தமாகிவிடும்.

வாங்குவதற்கு அவசரம் வேண்டாம். நாலைந்து வகைப் படகுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டிய பிறகுதான் உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கை அரித்தால் முதலில் ஜாக்கெட் வாங்குங்கள், அடுத்து நல்ல துடுப்பு. படகு மூன்றாவது.

ஜாக்கெட், துடுப்பு, உடை

ஜாக்கெட்டுகளின் மிதவை சக்தியை நியூட்டனில் சொல்வார்கள். கயாக்கில் பெரும்பாலானோர் அணிவது ஐஎஸ்ஓ 12402-5 தரத்தில் வரும் 50 நியூட்டன் வகை. கையை வீச இடம் விடும், ஏறி இறங்க வசதி. ஆனால் மயங்கியவரை மல்லாக்கத் திருப்பி முகத்தை நீருக்கு மேல் வைக்க அதனால் முடியாது. நீச்சல் வராதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 100 நியூட்டன் அல்லது அதற்கு மேற்பட்டது தேவை. போட்டுப் பட்டைகளை இறுக்கிய பின், யாரையாவது தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அளவு சரியில்லை. ஒரு விசிலையும் அதிலேயே கட்டிவிடுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் படகு விபத்து அறிக்கைகளைப் பாருங்கள். மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்கள். பலருடைய படகிலேயே ஜாக்கெட் கிடந்திருக்கும். "தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்" என்று இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்த ஜாக்கெட், கவிழ்ந்தவுடன் தன் வழியில் மிதந்து போய்விடும்.

துடுப்பு 220 முதல் 240 செ.மீ. வரை இருக்கலாம். படகு அகலமாகவோ நீங்கள் உயரமாகவோ இருந்தால் நீளம் கூட வேண்டும். எடையை மறக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை தூக்கி இறக்கும் பொருள் அது, 200 கிராம் குறைந்தாலும் தோள் நன்றி சொல்லும். பிளேடின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். ஒரு ஓரம் நீளமாகவும் மறு ஓரம் குட்டையாகவும் இருந்தால், நீளமான ஓரம் மேலே. வாடகைப் படகுகளில் பாதிப் பேர் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஏன் இப்படிக் கை வலிக்கிறது?" என்று யோசிப்பதைப் பார்க்கலாம்.

உடையைக் காற்றின் வெப்பத்துக்கு அல்ல, தண்ணீரின் வெப்பத்துக்குத் தேர்ந்தெடுங்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் ஆழமான ஏரியும் பனி உருகி வரும் ஆறும் சில்லென்று இருக்கும். நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வெட்சூட் (உடலோடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) அல்லது டிரைசூட் (உள்ளே நீரே புகாத உடை) இல்லாமல் இறங்கக் கூடாது. குளிர்நீரைப் பற்றி ஆராய்ந்த கனடாவின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். விழுந்தவுடன் மூச்சு இரைத்துத் தடுமாறும், அதை அடக்க 1 நிமிடம். கை கால் பயன்படும்படி இயங்குவது ஏறத்தாழ 10 நிமிடம். குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். ஆக, குளிர்ந்த நீரில் பலர் இறப்பது உடல் விறைத்து அல்ல. முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளிழுத்தோ, பத்து நிமிடத்துக்குப் பின் நீந்தக் கை வராமலோ மூழ்குகிறார்கள். இரண்டு கட்டத்திலும் ஜாக்கெட்தான் காப்பாற்றும்.

வெதுவெதுப்பான நீரில் விரைவில் உலரும் செயற்கை இழை உடைகள் போதும். பருத்தி நனைந்தால் கனக்கும், உடல் சூட்டையும் உறிஞ்சும். காலில் குதிகால் கழலாத செருப்போ ஷூவோ இருக்க வேண்டும், ஹவாய்ச் செருப்பு சேற்றில் முதல் அடியிலேயே போய்விடும். தொப்பி, சன்ஸ்கிரீன், குடிநீர், கண்ணாடிக்கு ஒரு கயிறு, போனுக்கு நீர் புகாத உறை.

இன்று இறங்கலாமா?

முதல் நாளுக்குச் சிறிய ஏரியோ, அலை நுழையாத குடாவோ போதும். எந்தத் திசையில் தள்ளப்பட்டாலும் கரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோட்டார் படகுகள் விரையும் வழியாக இருக்கக் கூடாது.

காற்றுதான் முக்கியம். புதியவர் சீராகத் துடுப்பு வலித்தால் மணிக்கு 4, 5 கி.மீ. போவார். காற்றின் வேகத்தை நிலைகளாகப் பிரிக்கும் போபர்ட் அளவில் 3-ஆம் நிலைக் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; அப்போதுதான் அலைகளின் உச்சியில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கும். நுரை கண்ணில் பட்டால் முதல் சில வாரங்களுக்குக் கரையிலேயே இருந்துவிடுங்கள். வானிலை முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல், திடீர் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். கவிழ்ப்பது அதுதான்.

வேகத்தைவிட ஏமாற்றுவது திசை. கரையிலிருந்து தண்ணீர்ப் பக்கமாகக் காற்று வீசும் நாளில், கரையோரம் கண்ணாடியாகக் கிடக்கும். மரமும் கட்டடமும் காற்றை மறைக்கின்றன. நீங்கள் உல்லாசமாகப் போவீர்கள், படகு தானே நகர்வது போல இருக்கும். நடுவில் போய்த் திரும்பினால்தான் காற்று முகத்தில் அறையும். அதற்குள் தோளும் ஓய்ந்திருக்கும். இந்தக் காற்றில் புதியவர்கள் இறங்கவே வேண்டாம். மற்ற நாட்களில், முதலில் காற்றுக்கு எதிராகப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்பி வாருங்கள்.

கடலிலும் முகத்துவாரத்திலும் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதை, பாருங்கள். பல கரைகளில் நீர் ஏற ஏறத்தாழ 6 மணி நேரம், இறங்க 6 மணி நேரம். அது சீராக நகர்வதில்லை. முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, 3, 2, 1 என்று மாலுமிகள் தோராயமாகக் கணக்கிடுவார்கள். 3-ஆம், 4-ஆம் மணிகளில் மட்டும் பாதி நீர் நகர்கிறது. நீரோட்டம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

ஓடும் ஆற்றைப் பயிற்சியாளர் இல்லாமல் முதலில் தொடாதீர்கள். விழுந்து கிடக்கும் மரக்கிளைகள் தண்ணீரை விட்டுவிட்டு மனிதரை மட்டும் பிடித்துக்கொள்ளும். தடுப்பணையின் கீழே நீர் பின்னோக்கிச் சுழன்று, விழுந்தவரை விடாமல் சுழற்றும். மேலிருந்து பார்த்தால் அது சிறு படிக்கட்டு போலத்தான் தெரியும். ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது, பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரோட்டமே ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, பாதங்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதந்து, ஓட்டம் தணிந்த இடத்தில் கரையேறுங்கள்.

இடி கேட்டால் உடனே கரை. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை திரும்ப இறங்காதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வந்ததும் அவருக்குத் தெரிவியுங்கள்.

உட்காருவதும் இறங்குவதும்

தரையிலேயே படகில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளுங்கள். பாதத்தின் முன்பகுதி கால்தாங்கியில் படியட்டும். முழங்கால் லேசாக மடங்கி வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், சாய்மானத்தில் சரிந்தால் இடுப்பு திரும்பாது. துடுப்பைத் தலைமேல் கிடத்தி இரு முழங்கையையும் செங்கோணமாக மடக்குங்கள், கை இருக்கும் இடமே உங்கள் பிடி.

பிறகு படகைக் கரைக்கு இணையாக, கணுக்காலுக்கு மேல் நீருள்ள இடத்தில் மிதக்க விடுங்கள். முதலில் பின்புறத்தை இருக்கையில் வையுங்கள், அப்புறம் கால்களை ஒவ்வொன்றாக. காலை முதலில் வைத்து எழுந்து நின்றால் விழுந்தே தீருவீர்கள். அலை உடையும் கரையாக இருந்தால் மட்டும் படகின் மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும், பக்கவாட்டில் வாங்கினால் உருட்டிவிடும்.

கவிழ்ந்து பழகுதல்

துடுப்பு கற்பதற்கு முன் இது. நெஞ்சளவு நீர், கல்லில்லாத அடித்தளம், பக்கத்தில் தெரிந்த ஒருவர். வேண்டுமென்றே சாயுங்கள்.

சிட்-ஆன்-டாப்பில் திரும்ப ஏறும் முறை:

1. துடுப்பையும் படகையும் விடாதீர்கள். படகு காற்றில் நீங்கள் நீந்துவதைவிட வேகமாகப் போகும்.
2. கவிழ்ந்த படகின் நடுப்பகுதிக்கு வந்து, அடிப்பாகத்தின் மேலே எட்டி எதிர் ஓரத்தைப் பிடித்து, உடம்பின் எடையால் உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டுங்கள்.
3. இருக்கைக்கு நேரே இரு கைகளையும் படகின்மேல் வைத்து, காலை நீர்மட்டத்துக்கு உதைத்துக் கொண்டுவாருங்கள். காலைத் தொங்கவிட்டபடி கையால் மட்டும் ஏற முயன்றால் படகுதான் உங்கள்மேல் வரும்.
4. உதைத்த வேகத்தில் வயிறு படகில் படும்படி வழுக்கி ஏறி, படகுக்குக் குறுக்கே குப்புறக் கிடங்கள்.
5. புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, காலை உள்ளே இழுங்கள்.

களைப்பாக இருக்கும்போதும் ஒருமுறை செய்து பாருங்கள், நிஜத்தில் கவிழ்வது அப்போதுதான்.

சிட்-இன்சைடில் தலைகீழாகத் தொங்குவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பெரிய வாயுள்ள படகில் நீரே உங்களை வெளியே தள்ளிவிடும். இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்பிரே ஸ்கர்ட் அணிந்தால்தான் முறை வேண்டும்: முன்னால் குனிந்து, விளிம்பில் கையை ஓட்டி ஸ்கர்ட்டின் முன்வளையத்தைத் தேடி, முன்னும் மேலுமாக இழுங்கள். பிறகு இடுப்பின் இருபுறமும் கையூன்றி, இறுக்கமான கால்சட்டையைக் கழற்றுவது போலப் படகைக் காலிலிருந்து உருவி விடுங்கள். இதைப் பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது பழகாமல் ஸ்கர்ட்டே அணியாதீர்கள். ஸ்கர்ட் போடும்போது அந்த வளையம் வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள்.

துணைக்கு இன்னொரு கயாக் இருந்தால் வேலை சுலபம். அவர் உங்கள் படகின் முன்முனையைத் தன் படகின் குறுக்கே ஏற்றி நீரை வடித்து, நிமிர்த்திப் போட்டு, தன் படகோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பார். நீங்கள் பின்பக்கமிருந்து குப்புற ஏறி, காலை உள்ளே விட்டுத் திரும்பி உட்காரலாம்.

துடுப்பு வலித்தல்

முன்னோக்கி வலிப்பதைக் கையால் செய்கிற வேலை என்று நினைப்பவர்களுக்கு அரை மணியில் புஜம் கெஞ்சும். வேலை இடுப்புக்கு மேலான முண்டத்துக்கு. வலது பக்கம் வலிக்க வேண்டுமானால், வலது தோள் முன்வரும்படி உடம்பைத் திருப்பி, பாதத்துக்குப் பக்கத்தில் பிளேடை முழுவதும் நீரில் இறக்குங்கள். பிறகு உடம்பைத் திருப்பியபடியே இழுங்கள், கை ஏறக்குறைய நீண்டே இருக்கட்டும். வலது காலால் தாங்கியை அழுத்துங்கள். பிளேடு இடுப்பருகே வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் படகு முன்னே போகாது, திரும்பும். விரல்கள் துடுப்பை இறுக்கக் கூடாது, இறுக்கினால் கொப்புளம் வரும், மணிக்கட்டும் நோகும்.

படகு பாம்பாக நெளிகிறதா? பெரும்பாலும் பிளேடை உடம்பிலிருந்து விலக்கி, அரைவட்டமாக வலிக்கிறீர்கள். படகுக்கு ஒட்டி நேராக இழுங்கள். படகின் மூக்கைப் பார்க்காமல் எதிர்க்கரையில் ஒரு மரத்தைப் பாருங்கள், விலகல் சின்னதாக இருக்கும்போதே தெரியும்.

திரும்ப அந்த அரைவட்டமே உதவும். பாதத்தருகே தொடங்கி, படகிலிருந்து முடிந்தவரை விலக்கி, பின்முனை வரை அகலமாகத் துடைத்தெடுங்கள். வலப்பக்கம் துடைத்தால் மூக்கு இடப்பக்கம் போகும். நிறுத்த இரு பக்கமும் மாறி மாறிச் சுருக்கமாகப் பின்னோக்கி வலியுங்கள். பக்கவாட்டில் நகர, பிளேடைத் தள்ளி இறக்கி உங்கள் பக்கம் இழுங்கள், பிளேடு படகைத் தொடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

பக்கக் காற்றில் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். ஓடும் படகின் மூக்கு நீரில் அழுந்தியிருக்க, பின்பக்கம் தளர்ந்து காற்றால் தள்ளப்படுவதுதான் காரணம். காற்று வரும் பக்கத்தில் அகலத் துடைத்தால் சரியாகும். சுக்கான் உள்ள படகிலும் முதல் சில நாட்கள் அதைத் தூக்கி வைத்துவிட்டு ஓட்டுங்கள், துடுப்பால் திருப்பத் தெரியாதவர்களுக்குச் சுக்கான் கெட்ட பழக்கத்தைத்தான் தரும்.

தடுமாறும் கணத்துக்கு ஒரு தாங்கல். முழங்கைகள் துடுப்புக்கு மேலே இருக்க, பிளேடின் பின்பக்கத்தால் நீரை ஒரு தட்டுத் தட்டி, இடுப்பால் படகை நிமிர்த்துங்கள். தலை கடைசியாக எழ வேண்டும். பயத்தில் தலையை முதலில் தூக்குவதால்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள்.

முதல் நாளும் அதற்குப் பின்னும்

முதல் நாளில் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். தனியாகப் போகாதீர்கள், மூன்று பேர் இருந்தால் ஒருவர் விழ, ஒருவர் ஏற்ற, ஒருவர் காவல். கரையை ஒட்டியே போங்கள். களைத்த பிறகு திரும்பாதீர்கள், இன்னும் தெம்பிருக்கும்போதே திரும்புங்கள். குழுவில் மெதுவாகப் போகிறவரின் வேகமே எல்லாருக்கும் வேகம்.

கவிழ்ந்தவர் படகை விட்டு வெளியேறாமலே உருண்டு நிமிரும் வித்தையைப் பார்த்து மயங்க வேண்டாம். தாங்கலும் திரும்ப ஏறுவதும் கை வந்த பிறகு பயிற்சியாளரிடம் கற்கலாம். ஏரியில் ஒழுங்காகப் போகவும் வரவும் அது தேவையே இல்லை.

கரைக்கு வந்ததும், இறங்கிய முறையின் தலைகீழ்: துடுப்பைக் கரையில் ஊன்றி, கால் வெளியே, பிறகு எழுதல். உப்பு நீரில் போயிருந்தால் படகையும் ஜாக்கெட்டையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வடிகால் மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த நீரை வடியுங்கள். சாதாரண ஓட்டத்தில் நிறைய நீர் வந்தால் எங்கோ விரிசல் உண்டு. பிளாஸ்டிக் படகை வெயிலில் போட்டால் நாளடைவில் நொறுங்கும் தன்மை வரும், அடிப்பாகத்தின் மேல் எடை படும்படி மாதக்கணக்கில் கிடத்தினால் குழியும். நிழலில், பக்கவாட்டில் சாய்த்தோ குப்புறக் கவிழ்த்தோ வையுங்கள். வண்டி மேல் கட்டும்போது பட்டையை வெயிலில் உச்சமாக இறுக்காதீர்கள். ஜாக்கெட்டை மடித்து அமுக்காமல் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.